சிவப்புக் கோடும் கோல்ஃப் பந்தும்

1975 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் வோக்ஸ்வாகன் நிறுவனம் கோல்ஃப் ஜிடிஐ காரைக் காட்டியது. 5,000 கார்கள் செய்தால் போதும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். முதல் தலைமுறையில் மட்டும் நாலரை இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. எஞ்சினின் வலு 110 குதிரைவலு. தோற்றத்திலோ சாதாரண கோல்ஃபுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை: முன் கிரில்லைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு, சக்கர வளைவுகளில் கறுப்பு விளிம்பு, உள்ளே கட்டம்போட்ட இருக்கைத் துணி, கோல்ஃப் பந்து வடிவில் கியர்க் குமிழ்.

துணியும் குமிழும் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்ணின் யோசனைகள். பீங்கானில் சித்திரம் தீட்டப் பயின்ற அவர், 1964 முதல் அந்நிறுவனத்தின் துணி, வண்ணப் பிரிவில் வேலை செய்தார். தெருவில் பார்ப்பவரை விட ஓட்டுபவரை நினைத்துச் செய்த வேலை அது என்றே எனக்குத் தோன்றுகிறது. குமிழ் கைக்குள் இருக்கிறது. துணி முதுகில் படுகிறது.

இங்கே ஜேர்மனியில் என் மகன் தன் முதல் காராகப் பழைய போலோ ஒன்றை வாங்கியதும், பின்கதவுக்குப் பெரிய ஸ்பாய்லர் தேடினான். அனுமதிச் சான்றில்லாத பாகத்தைப் பூட்டினால் காரைத் தெருவில் ஓட்டும் அனுமதியே இல்லாமல் போகலாம். காப்புறுதியிலும் சிக்கல் வரும். அதைச் சொன்னபோது முகம் சுழித்தான். லில்யெக்விஸ்டின் கதையைச் சொன்னபோது இருந்து கேட்டான். இப்போதைக்குக் கியர்க் குமிழை மட்டும் மாற்றியிருக்கிறான்.