இஃபே நகரச் சிற்பிகள் யார்?

கலைப்பொருளை ஆராய்வோர் அதன் அழகை மட்டுமன்றி, அதைப் படைத்தவர் யாவர் என்பதையும் கூறக் கடமைப்பட்டவராவர். அவ்விடத்தே பேரறிஞரும் முன்முடிவுக்கு ஆட்பட்டு வழுவியதுண்டு. ஆப்பிரிக்காவின் இஃபே நகரச் சிற்பங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இஃபே, இன்றைய நைஜீரியாவில் யோருபா மக்களின் புனித நகரம். 1910ஆம் ஆண்டு அங்குச் சென்ற ஜெர்மானிய அறிஞர் லியோ ஃப்ரோபீனியஸ், சுடுமண் தலைகளையும் உலோகத் தலை ஒன்றையும் கண்டு வியந்தார். எனினும் அவை அம்மண்ணின் மக்கள் படைப்பு என ஏற்க அவர் மனம் இசையவில்லை. கிரேக்கர் கதையில் வரும் அட்லாண்டிஸ் நாட்டின் எச்சமே அவை என்றெழுதினார்.

1938இல் அரண்மனையருகே வீடு கட்ட மண்ணைத் தோண்டியபோது, ஏறத்தாழ மனிதத் தலையளவினவாகிய உலோகத் தலைகள் பல வெளிப்பட்டன. மெழுகில் உருச்செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகம் வார்த்துச் செய்யப்பட்டவை அவை. மெழுகு வார்ப்பு நம் சுவாமிமலை ஸ்தபதியர்க்கும் உரிய கலையே. ஆயின் அவர்கள் கட்டியாக வார்ப்பர். இஃபே சிற்பிகளோ உள்ளீடற்றதாய், மெல்லிய சுவருடையதாய் வார்த்தனர். இதற்கு வேண்டிய கைத்திறன் சிறிதன்று.

அதே முகச்சாயலும் முகத்தில் கீறிய வரிகளும் கொண்ட சுடுமண் சிற்பங்கள் அந்நகரில் பலவிடங்களில் கிடைத்தன. அவற்றின் காலம் கி.பி. 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை என ஆய்வாளர் கணித்தனர். பண்டைக் கிரேக்கர் காலம் கழிந்து பல நூற்றாண்டுகள் சென்றபின் தோன்றியவை அவை. எனவே அவற்றைப் படைத்தோர் யோருபா மக்களின் முன்னோரே என்பது உறுதியாயிற்று.

உழைத்தவர் பெயரை மறைத்து, அவர்தம் திறனைப் பிறர்க்குரியதாக்குவது எந்நாட்டிலும் நிகழக்கூடியதே. ஆதலின் நம் இளைஞர், சிறந்த படைப்பொன்றைக் காணுந்தோறும், “இதனைச் செய்த கை எவருடையது?” என்று வினவப் பழகுவாராக. அவ்வினாவுக்குச் சான்றோடு விடை தேடும் ஆற்றலைத் தருவதே கல்வி.