கண்ணாடி வைத்த பரீட்சை

கண்ணாடிக் கடைக்காரனுக்குச் சரித்திரம் எதற்கு என்று என் மருமகன் கேட்பான். சட்டம் அடித்தோமா, காசை எண்ணினோமா என்று இருக்க எனக்கு முடிவதில்லை. நான் விற்கிற சரக்கு உலகத்தில் எங்கெல்லாம் போய் என்னென்ன செய்தது என்று தேடுவதில் ஒரு பைத்தியம். அப்படித் தேடியதில் அகப்பட்டவர் சார்லஸ் டார்வின்.

1838. லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் ஜென்னி என்ற ஒராங்குட்டான் முந்தைய ஆண்டின் கடைசியில் வந்து சேர்ந்திருந்தது. குளிர் தாங்காது என்று அதைச் சூடேற்றிய ஒட்டகச்சிவிங்கிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். டார்வினுக்கு வயது 29, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. காப்பாளர் ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் போக, ஜென்னி மல்லாந்து விழுந்து காலை உதைத்து அழுததாம். அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது என்று அக்கா சூசனுக்குக் கடிதம் எழுதினார். பிறகு ஒரு நாள் கண்ணாடியோடு போனார்.

அந்தக் காலத்துக் கண்ணாடி என்றால் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்து ரசம் பூசியது. வெள்ளி பூசும் முறையை ஜெர்மனியின் வேதியியலாளர் லீபிக் 1835-இலேயே கண்டுபிடித்துவிட்டார். அது பட்டறைகளில் பரவப் பல காலம் பிடித்தது. ஆக, இன்றைக்கு என் கடையில் இருப்பதுபோல அவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது.

ஜென்னியும் இன்னொன்றுமாக இரண்டு இளம் ஒராங்குட்டான்கள் முன்னால் தரையில் அதை வைத்தார் டார்வின். நடந்ததை 1872-இல் வந்த தன் புத்தகத்தில் வரிசையாகச் சொல்கிறார். முதலில் வைத்த கண் வாங்காமல் பார்த்தன. இடம் மாறி மாறி நின்று பார்த்தன. கிட்டே வந்து முத்தம் கொடுப்பதுபோல உதட்டை நீட்டின. முகத்தைக் கோணிக் காட்டின. பரப்பை அழுத்தித் தேய்த்தன. பின்பக்கம் கையை விட்டுத் துழாவின, எட்டிப் பார்த்தன. கடைசியில் பயந்ததுபோல் துணுக்குற்று, கோபித்துக்கொண்டு, பார்க்கவே மறுத்துவிட்டன.

இதில் எனக்குப் பிடித்தது, டார்வின் ஒன்றுக்கும் மார்க் போடவில்லை என்பது. மூத்த மகன் வில்லியம் பிறந்த பிறகும் அப்படித்தான். குழந்தை நாலரை மாதத்தில் கண்ணாடியில் தன்னையும் அப்பாவையும் பார்த்துச் சிரித்தது, பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரவும் திகைத்தது. ஒன்பது மாதம் நிறையும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. குறித்து வைத்துக்கொண்டு 1877-இல் அச்சில் கொடுத்தார், அவ்வளவுதான்.

என் கடை வாசலில் பீரோக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் சேவல் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு வரும். பைக் கண்ணாடியைக் கொத்துகிற குருவிக்குப் பயந்து தெருவில் சிலர் பழைய சாக்ஸை அதற்கு மாட்டி வைத்திருக்கிறார்கள். தெருநாய் குரைக்கும், முகரும், பின்னால் போய்ப் பார்க்கும், பிறகு போய்விடும். வாசனை இல்லாத நாய் அதன் கணக்கில் நாயே இல்லை. நாயிடம் என்ன குறை?

இயந்திரமும் கண்ணாடி முன் நின்றிருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நரம்பியல் ஆய்வாளர் கிரே வால்டர் 1940-களின் கடைசியில் எல்மர், எல்சி என்று இரண்டு இயந்திர ஆமைகள் செய்தார். ஆளுக்கு இரண்டு ரேடியோ வால்வு, இரண்டு மோட்டார், வெளிச்சத்தை அறிய ஓர் ஒளிக்கண். திசை தேடித் திரும்பும்போது ஆமையின் விளக்கு எரியும், போதிய வெளிச்சம் கண்ணில் பட்டால் அணைந்துவிடும். கண்ணாடிக்கு எதிரே விட்டால் தன் விளக்கையே பார்த்து ஓடும். பார்த்ததும் விளக்கு அணையும். அணைந்ததால் வெளிச்சம் போய்விடும். போனதால் மறுபடி எரியும். மினுக்கிக்கொண்டு அது ஆடிய ஆட்டத்தை ஒரு மிருகம் ஆடியிருந்தால் தன்னுணர்வு என்றே சொல்லியிருப்போம் என்று வால்டரே எழுதினார். வெளியிலிருந்து பார்ப்பவன் எவ்வளவு ஏமாறலாம் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

1970-இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப் கண்ணாடி காட்டுவதையே ஒரு பரீட்சை ஆக்கினார். சிம்பன்சிகளுக்குப் பத்து நாள் கண்ணாடி பழக்கி, மயக்க மருந்து கொடுத்து, புருவத்திலும் காதிலும் வாசனையற்ற சிவப்புச் சாயம் தடவினார். விழித்த சிம்பன்சிகள் கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் புருவத்தைத் தொட்டன, பாஸ். குரங்குகள் தொடவில்லை, பெயில். இரண்டே வருஷத்தில் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் குழந்தைகளின் மூக்கில் செம்பொட்டு வைத்தார். ஒன்றரை, இரண்டு வயதுக்குத்தான் கை மூக்குக்குப் போனது. அப்புறம் டால்பின், மாக்பை பறவை, 2019-இல் ஒரு சின்ன மீன். மீன் பாஸானதைக் கேலப்பே ஒப்புக்கொள்ளவில்லை!

2011-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்ததும் இந்தப் பரீட்சையின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று. கென்யாவில் ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரையிலான 82 குழந்தைகளுக்கு நெற்றிப் பக்கம் காகிதம் ஒட்டிக் கண்ணாடி காட்டினார்கள். தேறியவர்கள் 2 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் அசையாமல் தங்களைப் பார்த்தபடி நின்றார்கள். பேசவும் ஓடவும் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னைத் தெரியாதா? பெரியவர் ஒட்டியதைப் பிய்க்கலாமா என்று தயங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நம் வீட்டிலும் விருந்தாளி வைத்த பொட்டைக் குழந்தை உடனே அழிப்பதில்லையே!

நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் எட்டடிக்கு எட்டடி கண்ணாடி வைத்து மூன்று யானைகளைச் சோதித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. தலையில் வரைந்த வெள்ளைப் பெருக்கல் குறியைத் துதிக்கையால் தொட்டது ஹேப்பி என்ற யானை மட்டும். மேக்சின் என்ற இன்னொரு யானை குறியைத் தொடவில்லை. ஆனால் கண்ணாடி முன் நின்று தன் காதைத் துதிக்கையால் பிடித்து மெல்ல முன்னே இழுத்துப் பார்த்தது. பரீட்சைக் கணக்கில் அது பெயில்.

பாஸான ஹேப்பிக்கு என்ன கிடைத்தது? அதை விடுவிக்கக் கோரிய ஆட்கொணர்வு மனுவில் இந்தச் சோதனையையும் சான்றாகக் காட்டினார்கள். ஆட்கொணர்வு மனிதருக்கு மட்டுமே என்று நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜூனில் 5-க்கு 2 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது.