பால்கனியில் மண்ணில்லாத் தக்காளி வளர்ப்பு

மண்ணே இல்லாமல், பயிருக்கு வேண்டிய உப்புகளைக் கரைத்த நீரில் வேர் விடவைத்துத் தக்காளியைக் காய்க்கச் செய்யும் முறை இது. மும்பையின் வடாலா போன்ற பகுதிகளில் இதற்குக் கிடைக்கும் இடம் நான்கடி அகலப் பால்கனியோ, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கட்டிய கிரில் பெட்டியோதான். கிழக்கே உப்பளங்களும் அலையாத்திக் காடும், மேற்கே ஐந்து பூங்காக்களைச் சுற்றிய பழைய குடியிருப்புகளும், நடுவே அண்டாப் ஹில்லின் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும் கொண்ட பகுதி வடாலா. நிலத்தடி நீர் உப்பு. தோண்ட மண்ணும் இல்லை.

வரலாறு

செடிக்கு வேண்டியது மண்ணல்ல, மண்ணிலுள்ள உப்புகளே என்பதை 1860களிலேயே ஜெர்மனியின் யூலியுஸ் ஃபோன் சாக்ஸும் வில்ஹெல்ம் நோப்பும் நிறுவிவிட்டனர். ஆனாலும் எழுபது ஆண்டுகள் அது ஆய்வகக் குடுவையை விட்டு வெளியே வரவில்லை. தோட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக். 1929 முதல் தம் சோதனைகளை அவர் வெளியிடத் தொடங்கினார். பெர்க்லியில் அவர் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயரம் ஏறியதைப் பத்திரிகைகள் கொண்டாடின. மண்ணில்லா வேளாண்மையின் விளம்பரப் பயிராகத் தக்காளி ஆனது அப்போதுதான். கரைசலின் சேர்மானத்தை வெளியிடும் விஷயத்தில் பல்கலைக்கழகத்தோடு மனத்தாங்கல் ஏற்பட்டு கெரிக் விலகினார்.

அங்கேயே பணியாற்றிய ஹோக்லாந்தும் ஆர்னனும் 1938இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டனர். நல்ல மண்ணில் வருவதைவிட நீரில் விளைச்சல் கூடிவிடாது, வெளிச்சம் போன்ற பிற காரணிகளே அதற்கு எல்லை போடுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் தந்த கரைசல்தான் இன்றுவரை அளவுகோல்: லிட்டருக்குத் தழைச்சத்து 210 மில்லிகிராம், சாம்பல்சத்து 235, சுண்ணாம்புச்சத்து 200, மணிச்சத்து 31. அந்தச் சுற்றறிக்கையின் எச்சரிக்கையைவிட அதன் அட்டவணையே அதிகம் படிக்கப்பட்டது.

இந்தியாவில் இதற்கு வித்திட்டவர் ஷோல்ட்டோ டக்ளஸ். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் வடு ஆறாத வங்கத்தில், 1946இல், டார்ஜிலிங் மாவட்டத்தின் கலிம்போங்கில் அவர் சோதனைகளைத் தொடங்கினார். மோட்டாரும் குழாயும் கண்ணாடிக் கூடமும் இல்லாமல் எளிய வீடுகளில் நடத்தக்கூடிய முறையே அவருடைய நோக்கம். தொட்டியில் கல் சில்லும் மணலும் கலந்து நிரப்பி, உரக் கலவையை உலர்ந்த பொடியாகவே மேலே தூவி, தண்ணீர் தெளித்தால் போதும். வங்காள முறை எனப்படும் இதை விளக்கி 1951இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வழியாக அவர் நூல் வெளியிட்டார். இன்றைய பால்கனி வாளிகளுக்கு உண்மையான முன்னோடி இதுதான், கலிபோர்னியத் தொட்டிகள் அல்ல.

மும்பையில் மாடித் தோட்டம் வேறு வழியில் வளர்ந்தது. ஆர். டி. தோஷி பாந்த்ராவில் கரும்புச் சக்கையும் மக்கும் நிரப்பிய பைகளில் காய்கறி வளர்த்துக் காட்டினார். மும்பைத் துறைமுகக் கழகத்தின் மைய சமையலறை மாடியில், பிரீத்தி பாட்டீல் சமையல் கழிவையே உரமாக்கித் தோட்டம் அமைத்தார். இரண்டிலும் நீர்க் கரைசலுக்கு இடமில்லை.

இடமும் எடையும்

மும்பையில் பால்கனி என்பது கட்டட விதியின் குழந்தை. தளப்பரப்புக் கணக்கில் சேராது என்ற சலுகையால், பூச்செடித் தளம் என்ற பெயரில் பல கட்டடங்களில் நீட்டல்கள் கட்டப்பட்டன. பலவும் பிறகு அறையோடு சேர்ந்துவிட்டன. 2012 ஜனவரியில் வந்த திருத்தம் பால்கனியையும் பூச்செடித் தளத்தையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. குடிசை மாற்றுத் திட்டத்தின் 269, 300 சதுர அடி வீடுகளில் பெரும்பாலும் ஜன்னல் கிரில்தான் தோட்டம்.

எடை பெரிய தடையல்ல. இந்தியத் தர விதிப்படி வீட்டுப் பால்கனி சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும்படி கட்டப்பட வேண்டும்; நான்கு 20 லிட்டர் வாளிகள் சேர்ந்து 100 கிலோவைத் தொடுவதே அரிது. ஆனால் கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து, அடிப்பூச்சு உதிரும் பழைய கட்டடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. குடியிருப்போர் சங்கச் (சொசைட்டி) செயலாளர்கள் எடையைவிடக் கீழ்வீட்டுக் கூரையில் ஊறும் ஈரத்துக்கே அதிகம் ஆட்சேபிப்பார்கள்.

பருவமும் வெயிலும்

எந்தக் கருவியையும்விடப் பயிரைத் தீர்மானிப்பது பருவம். இரவு வெப்பம் சுமார் 24 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் காம்போடு உதிரும். மும்பையின் மே மாத இரவு 27 டிகிரி. ஜூலையில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜனவரி இரவு 17 டிகிரி அளவில் இறங்குகிறது. எனவே செப்டம்பரில் விதைத்து, அக்டோபரில் நட்டு, டிசம்பர் முதல் மார்ச் வரை பறிப்பதே இங்கு சரியான கணக்கு. நாசிக், நாராயண்காவ் வரத்தால் சந்தையில் விலை சரியும் குளிர்காலத்திலேயே பால்கனிச் செடியும் காய்க்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டியபோது பலருக்கு வீட்டிலேயே வளர்க்கும் ஆசை வந்தது. அந்த மாதத்தில்தான் இது பலிக்காது.

வெயிலும் குளிர்காலத்துக்கே ஒத்துழைக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 47 டிகிரி உயரத்தில் நிற்பதால், தெற்கு பார்த்த பால்கனியின் உட்சுவர் வரை வெயில் விழும். மே நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருப்பதால் அதே பால்கனி நிழலில் கிடக்கும். தக்காளிக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். வடக்கு பார்த்த பால்கனியில் கீரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முறைகள்

மெல்லிய நீரோட்டம் குழாய்க்குள் ஓயாமல் ஓடும் முறையை இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கினார். அது கீரைக்கு ஏற்றது. தக்காளியின் வேர்க்கற்றை குழாயை அடைத்துவிடும், மின்சாரம் போனால் செடி சீக்கிரமே துவளும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த அசையா நீர் முறைக்கு மோட்டாரே வேண்டாம். நீர்மட்டம் குறையக் குறைய மேல்வேர்கள் காற்றில் நின்று மூச்சுவிடுகின்றன. தக்காளிச் செடி ஒன்றுக்கு 20 லிட்டராவது வேண்டும். மறுபடி நிரப்பும்போது விளிம்பு வரை ஊற்றினால் காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கிச் செடி வாடும். மூன்றாவது வகை, தென்னைநார்க் கழிவோ பெர்லைட்டோ நிரப்பிய வாளி. பொள்ளாச்சியிலிருந்து வரும் நார்க்கழிவுக் கட்டியை உப்புப் போகக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒருநாள் ஊறவைத்து நிரப்புவார்கள். மும்பை வெக்கைக்கு இதுவே பாதுகாப்பானது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏற்கும் தண்ணீர் 30 டிகிரியில் 7.5 தான் ஏற்கும். வெறும் நீரில் வேர் அழுகுவதற்கு அதுவே வழி. வாளிக்கு வெள்ளை அடிப்பதும் வெளிச்சம் புகாமல் மூடுவதும் கட்டாயம்.

கரைசல்

மாநகராட்சிக் குழாயில் வருவது ஏரி நீர்; உப்பு குறைவு, குளோரின் வாசனை போக ஒருநாள் திறந்து வைத்தால் போதும். லாரித் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் ஆகாது. செம்பூரில் ஆலை வைத்துள்ள ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸின் சுஜலா 19:19:19 எளிதில் கிடைப்பதால் பலர் அதை மட்டும் கரைக்கிறார்கள். அதில் சுண்ணாம்புச்சத்து இல்லை. தழைச்சத்தில் ஒரு பகுதி யூரியாவாக இருப்பதால், அதை மாற்றித்தரும் மண் நுண்ணுயிர் இல்லாத நீரில் செடிக்கு முழுதாகப் பயன்படாது. கால்சியம் நைட்ரேட்டைத் தனிப் புட்டியிலும், மக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் பாஸ்பேட், நுண்சத்துகளை வேறு புட்டியிலும் கரைத்து, வாளித் தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அடர்த்தியாக ஒன்று கலந்தால் ஜிப்சம் வெண்மையாக அடியில் படியும். அமிலக் காரக் குறியீடு 5.5 முதல் 6.5 வரை, மின்கடத்துதிறன் நாற்றுக்கு 1.2, காய்ப்பில் 2.5 மில்லிசீமன்ஸ் என்பது வழக்கம்.

வளர்ப்பு

பெரியகுளத்தில் அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 கச்சிதமாகப் படரும். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் இலைச்சுருள் வைரசைத் தாங்கும். இடம் குறைந்தால் செர்ரித் தக்காளியே சிறந்தது. நாற்று 25 நாளில் நடவுக்குத் தயார். கொடியாக ஏறும் ரகங்களை ஒற்றைத் தண்டாக நூலில் ஏற்றி, இலைக்கக்கத்தில் வரும் பக்கத்தளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். பூ தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும், ஆனால் மகரந்தம் உதிர அதிர்வு வேண்டும். காலை பத்து மணிவாக்கில் பூங்கொத்தின் காம்பைச் சுண்டிவிடுவதே வழி. பழத்தின் அடி கறுத்தால் உடனே கால்சியம் கூட்டுவது வழக்கம். ஆனால் பெரும்பாலும் அது செடி சீராக நீர் உறிஞ்சாத குறையே.

வெள்ளை ஈ தவிர, 2014இல் மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்ட தென்னமெரிக்க இலைத்துளைப்பானும் நகரத்துக்கு வரும். புறாவைத் தடுக்கும் வலை பல வீடுகளில் ஏற்கெனவே உண்டு. கொசு பெரிய சிக்கல்: தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிட்டால் மாநகராட்சி அபராதம் விதிக்கிறது, வாளியின் ஒவ்வொரு துளையையும் கொசுவலைத் துணியால் மூட வேண்டும்.

தற்போது ஆயத்தக் கருவிகளும் உரப்பொட்டலங்களும் இணையத்தில் விற்கின்றன. செடிக்கு இரண்டு மூன்று கிலோ பழம் கிடைத்தால் நல்ல விளைச்சல். பருவம் முடிந்தபின் மீந்த கரைசலைச் சாக்கடையில் விடாமல், நீர் கலந்து மண் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றலாம்.