களையும் கீரையும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு சொல்வரலாறு



ஐரோப்பாவில் டேண்டிலையன் என்றொரு மஞ்சள் பூச்செடி உண்டு. அதன் இலையின் பல்வரிசை போன்ற விளிம்பைக் கண்டு, பிரெஞ்சு மொழியில் ‘சிங்கத்தின் பல்’ என்று பொருள்படப் பெயரிட்டனர். புல்வெளியில் முளைத்தால் அது களை; இளந்தளிரைப் பறித்து உண்டால் கீரை; வேரைக் காய்ச்சிக் குடித்தால் மூலிகை. செடி ஒன்றே, பார்ப்பவரின் அறிவுக்கேற்பப் பெயர் மாறுகிறது. நம் கோலசிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றிலும் இதே உண்மையைக் காணலாம்.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு, பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் தொடங்கியது. தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பயிர் செம்பனையாயினும் தோட்டத்தின் பெயரில் ஒலிப்பது நம் பேச்சுத்தமிழின் ‘தென்னமரம்’. தமிழர் உழைத்த இடத்தில் தமிழ்ப் பெயரும் வேரூன்றியது.

தொடக்கக் கால ரப்பர்த் தோட்டங்களில் மரநிரைகளுக்கிடையே புல்பூண்டின்றி நிலத்தைத் துடைத்து வைப்பதே நல்ல பராமரிப்பு எனக் கருதப்பட்டது. நிர்வாகத்தின் கணக்கில் அங்கே முளைத்தவை யாவும் களைகளே. கூலிக்குக் களையெடுத்த தமிழ்ப் பெண்களின் கண்ணுக்கோ அவற்றுட் சில கீரைகள். பொன்னாங்கண்ணி பருப்போடு கூட்டாயிற்று. மணத்தக்காளி வாய்ப்புண்ணுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்தது. கரிசலாங்கண்ணியின் சாறு தலைக்கு எண்ணெயாகக் காய்ச்சப்பட்டது.

ஊரிலிருந்து வந்தோர் பெட்டியில் செடிகளைக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அவற்றுட் பல இம்மண்ணிலும் வளர்ந்தன. அவர்கள் கொண்டுவந்தது பெயர்களையும், பெயர்களுக்குள் பொதிந்த அறிவையுமே. ‘முடக்கறுத்தான்’ என்பதே முடக்கத்தான் ஆயிற்று. மூட்டு முடக்கத்தை அறுப்பது எனும் பயன் பெயரிலேயே உள்ளது. இலையின் கீழே காய் தொங்குவதால் ‘கீழ்க்காய்நெல்லி’. அது கீழாநெல்லியாகக் குறுகியது. அதே செடியை மலாய்க்காரர் ‘டுக்கோங் அனாக்’, அதாவது குழந்தையைச் சுமத்தல், என்கின்றனர். இரு மொழியினரும் இலையடியில் அமைந்த அதே காயைக் கண்டே பெயரிட்டுள்ளனர். நம் வல்லாரை அவர்களுக்குப் பெகாகா. வள்ளைக்கீரை மட்டும் நம் நாவில் ‘கங்கோங்’ என்று மலாய்ப் பெயரை ஏற்றது. அண்டை வீட்டாரோடு வாழ்ந்ததற்கு அச்சொல்லே சான்று.

இவ்வறிவின் அருமையை ஜப்பானியர் ஆட்சிக் காலம் (1942–1945) உணர்த்தியது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. ஆடவர் பலர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். லயத்தில் எஞ்சிய குடும்பங்களின் வயிற்றுக்கு மரவள்ளிக்கிழங்கே பெரும்பாலும் ஆதாரமாயிற்று. அக்கிழங்கோடு சேர்ந்து உயிர்காத்தவை நேற்றுவரை களை எனப் பிடுங்கப்பட்ட இலைகளே. அதே போர்க்காலத்தில் ஐரோப்பியரும் காப்பிக்கொட்டைக்கு மாற்றாக டேண்டிலையன் வேரை வறுத்துப் பொடித்தனர்.

பின்னர்க் களைக்கொல்லி வந்தது. மருந்து தெளித்த நிரையில் கீரை பறிக்க இயலாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு மலேசியா 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தடை விதித்தது. அதற்குள் தோட்டக் குடும்பங்கள் பல நகரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்துவிட்டன. செடி இன்னும் சாலையோரத்தில் இருக்கிறது; அதன் பெயரை அறிந்தோர் அருகி வருகின்றனர்.

பெயர் மறைவதைவிடத் தீயது, அது தவறான செடிக்கு மாறிப் போவது. மஞ்சள் கரிசலாங்கண்ணி எனச் சிலர் பறிப்பது, அழகுக்காக நம் சாலையோரங்களில் படரவிடப்பட்ட அமெரிக்க வெப்பமண்டலக் கொடியையே. இரண்டின் பூவும் மஞ்சள். ஆயினும் அக்கொடியின் இலை மும்மடலாகப் பிளவுபட்டிருக்கும். கரிசலாங்கண்ணியின் இலை அவ்வாறு பிளவுபடாது. முன்னோர் இலையை நோக்கிப் பெயரிட்டனர். நாமோ பூவின் நிறத்தை நோக்கி மயங்குகிறோம்.

ஆகவே மாணவர்களே, உங்கள் பாட்டியாரிடம் அமர்ந்து பத்துக் கீரைகளின் பெயரைக் கேளுங்கள். பெயரருகே இலையின் வடிவத்தை வரையுங்கள். மலாய்ப் பெயரையும் சமைக்கும் முறையையும் எழுதுங்கள். அறிந்தவர் செடியைக் கண்டு உறுதிசெய்யும்வரை எதையும் உண்ணாதீர்கள். அவ்வேடு முழுமையுறும் நாளில், களை என்று நீங்கள் கடந்துசெல்லும் செடிகளுட் சிலவேனும் மீண்டும் கீரையாகும்.