விளங்கி வாசித்தலும் பிழை திருத்தலும்: எமது ஆரம்ப வகுப்புகள் கடந்து வந்த பாதை

பாடசாலை வரலாறு எழுதப் புகுவோர் கட்டடங்களையும் அதிபர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் விளையாட்டுக் கிண்ணங்களையும் மறவாது பதிவு செய்வர். ஆரம்பப் பிரிவு வகுப்பறை ஒன்றில் ஒரு சாதாரண நாளின் மூன்றாம் பாடவேளையில் என்ன நடந்தது என்பது அந்தப் பதிவுகளில் அரிதாகவே இடம்பெறும். எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு எழுதும் வாய்ப்புக் கிட்டியபோது அந்தப் பாடவேளையைப் பற்றியே எழுத விரும்பினோம். ஒரு பந்தியை வாசித்து விளங்கிக் கொள்வதும், தான் எழுதியதைத் தானே மீள வாசித்துத் திருத்துவதும் எம் தலைமுறைகளுக்கு எவ்வாறு வாய்த்தன? இன்று அவற்றின் நிலை என்ன? இவையே இக்கட்டுரையின் பொருள்.

மனனத்திலிருந்து வாசிப்புக்கு

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி அரிவரி பயின்றனர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நூல்களை உபாத்தியாயர் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லி நெஞ்சில் இருத்தினர். பொருள் பின்னாளில் தானாக விளங்கும் என்பது அன்றைய நம்பிக்கை. மனனத்தை இகழ்வது எமது நோக்கமன்று. அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலத்தில் நினைவே நூலகமாக இருந்தது. ஆயினும், முன்பின் கண்டிராத ஒரு பந்தியைக் கையில் எடுத்து, "இது என்ன சொல்கிறது?" என்று தனக்குள் கேட்கும் பழக்கம் அந்த முறையில் எளிதில் உருவாகவில்லை.

அத்துடன் அந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இருக்கவில்லை. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் வழியில், 1824இல் உடுவிலில் ஹரியற் வின்சிலோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்காக மருதனார்மடத்தில் கல்லூரி அமைத்தபோது அந்தத் தயக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே எமது பாட்டிமாரின் கைகளுக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது.

எத்தகைய புத்தகம் என்பதும் முக்கியம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதற்கெனவும் பிற பாடசாலைகளுக்கெனவும் அவர் எழுதி அச்சிட்ட பாலபாடங்கள் படிமுறையாக அமைந்தவை. எழுத்து, சொல், சிறு வாக்கியம், பின்னர் பந்தி, அதன் பின்னர் நீண்ட உரைநடை என அவை பிள்ளையைக் கைபிடித்து நடத்தின. தமிழ் உரைநடையில் நிறுத்தற் குறிகளை ஒழுங்காகப் பயன்படுத்திய முன்னோடியாகவும் நாவலர் போற்றப்படுகிறார். எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது என்பதைக் கண்ணே கண்டுகொள்ளும்படி வாக்கியம் அச்சாகும்போது வாசிப்பவரின் மூச்சும் கருத்தும் ஒன்றுசேர்கின்றன. இன்று மூன்றாம் தரப் பிள்ளைக்குக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கற்பிக்கும் ஆசிரியை அந்தப் பணியையே தொடர்கிறார்.

வித்தியாதரிசியின் வருகை

1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அதனையொட்டி, மாணவர் அடையும் பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை உதவி பெறும் பாடசாலைகளுக்கு வந்தது. வித்தியாதரிசி வருவார், பிள்ளைகளின் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைச் சோதிப்பார், அதற்கேற்பப் பணம் கிடைக்கும். இங்கிலாந்தில் 1862 முதல் நடைமுறையில் இருந்த முறை இதற்கு முன்மாதிரி. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னோல்ட் அங்கே அதனைக் கடுமையாகக் கண்டித்தார். சோதனைக்குரிய புத்தகத்தைப் பிள்ளைகள் முழுமையாக மனனம் செய்துவிடுவர். வாய் வாசிக்கும், மனம் வாசிக்காது என்பதே அந்த முறை மீதான பெருங்குறை.

இந்தக் குறையை நாம் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பரீட்சை எதை அளக்கிறதோ அதையே வகுப்பறை கற்பிக்கும். இது நூற்றைம்பது ஆண்டுப் பழைய பாடம், இன்றும் பழையதாகவில்லை.

தாய்மொழியில் கேள்வி, தாய்மொழியில் விடை

ஆங்கிலப் பாடசாலைகளில் பயின்ற எமது மூத்த மாணவிகளுக்குப் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. தமிழ் ஒரு பாடமாக மட்டும் இருந்தது. 1945இல் இலவசக் கல்வியோடு ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியானது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரை இந்நாடு நன்றியோடு சொல்வதற்கு இரண்டும் காரணம். வீட்டில் பேசும் மொழியிலேயே கேள்வி கேட்கவும் விடை தேடவும் பிள்ளைக்கு முடிந்தபோதுதான், விளங்கி வாசித்தல் எல்லோர்க்கும் உரியதாயிற்று.

ஆயினும் வீட்டு மொழியும் புத்தக மொழியும் ஒன்றல்ல. "அம்மா சந்தைக்குப் போனவ" என்று பேசும் பிள்ளை "அம்மா சந்தைக்குப் போனார்" என்று எழுத வேண்டும். "அவையள் வந்தவை" என்பது எழுத்தில் "அவர்கள் வந்தார்கள்" ஆக வேண்டும். எமது பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாக ஒலிப்பதால் "வாளைப்பளம்" என்று கொப்பியில் வந்து விழும். பிள்ளை கவனமில்லாமல் எழுதிய பிழையென்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. காது கேட்டதைக் கை உண்மையாகவே எழுதியிருக்கிறது. இதை விளங்கிக் கொண்ட ஆசிரியைமார் பேச்சுத் தமிழைப் பழிக்காமலே எழுத்துத் தமிழைக் கற்பித்தார்கள்.

"கிரகித்தல்" என்ற பாடம்

கிரகித்தல் என்றால் பற்றிக் கொள்ளுதல். கிரகணம் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவது. பந்தியைத் தந்து கீழே வினாக்களைத் தரும் இந்தப் பயிற்சி எம்மில் எல்லோர்க்கும் பழக்கமானது. அதன் உள்ளமைப்பை ஓர் உதாரணத்தால் காட்டலாம்.

"வானம் இருண்டு வந்தது. அம்மம்மா முற்றத்துப் பாயில் காயவிட்டிருந்த ஒடியலை அள்ளத் தொடங்கினார். கொப்பியை மூடி வைத்துவிட்டு வாணி ஓடினாள். தம்பி பாயின் ஒரு முனையைப் பிடித்தான்."

"பாயில் காய்ந்தது எது?" என்பது முதல் வகை வினா. விடை பந்தியிலேயே உண்டு. "வாணி ஏன் ஓடினாள்?" என்பது இரண்டாம் வகை. மழை என்ற சொல் பந்தியில் எங்கும் இல்லை. இருண்ட வானத்தையும் காய்ந்த ஒடியலையும் பிள்ளைதான் இணைக்க வேண்டும். "வாணி எப்படிப்பட்ட பிள்ளை?" என்பது மூன்றாம் வகை. இங்கே பிள்ளை தன் கருத்தைச் சொல்லி, பந்தியிலிருந்து ஆதாரமும் காட்ட வேண்டும். முதல் வகையோடு நின்றுவிடும் வகுப்பில் பிள்ளை சொற்களைத் தேடிப் பிரதி பண்ணவே பழகும். மற்ற இரண்டுக்கும் நேரம் ஒதுக்கும் வகுப்பில் பிள்ளை சிந்திக்கப் பழகும். நல்ல ஆசிரியைமார் வினாவையும் பிள்ளைகளிடமே விட்டார்கள். "இந்தப் பந்தியிலிருந்து நீங்களே ஒரு கேள்வி கேளுங்கோ" என்றால் வகுப்பில் தூங்கும் பிள்ளையும் விழித்துக் கொள்ளும்.

சிவப்பு மையும் பென்சிலும்

பிழை திருத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. முதலில் அது ஆசிரியரின் வேலையாக மட்டும் இருந்தது. சொல்வதெழுதல் முடிந்ததும் கொப்பிகள் மேசைக்குப் போகும். சிவப்பு மை பூசித் திரும்பி வரும். பிழைபட்ட சொல்லை ஐந்து முறை எழுத வேண்டும். இந்த முறை சில சொற்களைக் கையில் பதிய வைத்தது உண்மை. ஆனால் பிழையைக் கண்டுபிடித்தது ஆசிரியரின் கண். பிள்ளையின் கண் அல்ல.

அந்தக் கண் மாறியது மூன்று வழிகளில். கொப்பியைப் பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிப் பென்சிலால் கோடிடுவது ஒன்று. எழுதியதை உரத்து வாசிப்பது இன்னொன்று. வாக்கியம் முடியாமல் தொங்குவதைக் காதே சொல்லிவிடும். மூன்றாவது, வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகை. ஒரே ஒரு பிரதிதான். மொத்தத் தாளில் அழகான கையெழுத்தில் எழுதித் தைத்து வாசிகசாலையில் வைக்கப்படும். பிழையோடு போனால் எல்லோரும் காண்பார்கள். ஆகவே நகல் எழுதுவோம், மாற்றுவோம், வெட்டுவோம், மறுபடி எழுதுவோம். பதிப்பாசிரியர் என்ற பதவியை ஒன்பது வயதில் வகித்தவர்கள் எம்மிடையே உண்டு.

திருத்தம் என்பது அழகுக்காக மட்டுமன்று. "வேலை கொடுத்தான்" என்றால் தொழில் கொடுத்தான். "வேலைக் கொடுத்தான்" என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான். ஒரு புள்ளி வைத்த எழுத்து பொருளையே மாற்றிவிடுகிறது. கரை வேறு, கறை வேறு; மனம் வேறு, மணம் வேறு. தான் நினைத்ததும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பதே திருத்தம். ஆகவே திருத்தம் என்பதும் ஒரு கிரகித்தலே. பிறர் எழுதியதை வாசிக்கும் கவனத்தோடு தான் எழுதியதை வாசிப்பதே அது.

இடர்க் காலத்தில்

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்யும் கொப்பியும் அரிதாயின. குப்பி விளக்கில் படித்தோம். ஒரே கொப்பியை முன்பக்கத்திலிருந்து தமிழுக்கும் பின்பக்கத்திலிருந்து கணக்குக்கும் பாவித்தோம். தாள் குறைந்ததால் வாக்கியத்தை முதலில் மனத்தில் எழுதித் திருத்திவிட்டே தாளில் இறக்கினோம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தபோது, ஒரு பாடநூலைச் சுற்றிப் பலர் இருந்து வாசித்தோம்.

அக்காலத்தில் இந்தத் திறன்களின் பெறுமதி வகுப்பறைக்கு வெளியே தெரிந்தது. பதிவுப் படிவம், நிவாரண விண்ணப்பம், காணாமற் போனவரைத் தேடும் கடிதம் ஆகியவற்றைக் கணவரையோ தமையனையோ இழந்த பெண்களே எழுத வேண்டியிருந்தது. கேட்கப்பட்டது என்ன என்று விளங்கி, கேட்டதற்கு மட்டும் விடை எழுதி, பெயரிலும் திகதியிலும் பிழையில்லையா என்று மீண்டும் பார்த்தல் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பாடம்தான் அது. எமது சமூகத்தில் சீதனக் காணி பெரும்பாலும் பெண்ணின் பெயரில் எழுதப்படுகிறது. அந்த உறுதியைக் கையொப்பமிடுமுன் தானே வாசித்து விளங்கும் பெண்ணுக்கும், "இதிலே வையுங்கோ" என்ற இடத்தில் கையொப்பம் வைக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று.

இன்று

1980 முதல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்து, மனனத்தை விடத் தேர்ச்சிக்கு முதன்மை தந்தது. ஏட்டில் எல்லாம் நன்றாகவே உள்ளன.

ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஆரம்பப் பிரிவு முழுவதன்மீதும் நிழல் விரித்திருக்கிறது. வசதி குறைந்த திறமையான பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும் உதவிப்பணமும் கிடைக்க வழிசெய்த பரீட்சை அது. அதனால் உயர்ந்த குடும்பங்கள் பல. எனினும் இன்று மூன்றாம் தரத்திலேயே மாதிரி வினாத்தாள்கள் தொடங்கிவிடுகின்றன. பந்தியை வாசிக்குமுன் வினாவைப் பார், வினாவிலுள்ள சொல்லைப் பந்தியில் தேடு, கோடிடு, எழுது என்று பிள்ளை பழக்கப்படுகிறது. கட்டுரையோ பாடமாக்கப்பட்டு வருகிறது. பாடமாக்கிய கட்டுரையில் திருத்துவதற்குப் பிள்ளைக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. வித்தியாதரிசியின் காலம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கொப்பிப் பக்கங்கள் தொலைபேசிப் படங்களாகப் போய், "சரி" அடையாளத்தோடு திரும்பி வந்தன. கொப்பி மாற்றிப் பார்க்கப் பக்கத்தில் பிள்ளை இருக்கவில்லை.

ஆசிரியைமாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெறுபேற்றைக் கேட்கும் பெற்றோரும் பெறுபேற்றைக் கொண்டாடும் பழைய மாணவிகளும் நாமே. ஆகவே சங்கத்திடம் நாம் வேண்டுவதும் எமக்கு நாமே சொல்லிக் கொள்வதுதான். பரிசளிப்பு விழாவில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்ற பிள்ளைகளுக்குப் பதக்கம் வழங்குவது போல, ஆரம்பப் பிரிவின் கையெழுத்துச் சஞ்சிகைக்கும் ஆண்டுதோறும் ஒரு பரிசை நிறுவுவோம். நகலும் திருத்திய பிரதியும் இரண்டும் சமர்ப்பிக்கப்படட்டும். வெட்டியும் மாற்றியும் எழுதிய நகலுக்கே புள்ளி கூடுதலாக வழங்கப்படட்டும். வாரத்தில் ஒரு பாடவேளைக்கு, பிள்ளைகள் பக்கத்தில் இருந்து வாசிப்பதைக் கேட்கவும் அவர்களின் கேள்விகளுக்குக் காது கொடுக்கவும் ஓய்வுபெற்ற எம் உறுப்பினர்கள் முன்வரட்டும். இதற்குக் கட்டடம் தேவையில்லை, பெருநிதியும் தேவையில்லை. ஒரு கட்டுத் தாளும் சில பென்சில்களும் பொறுமையும் போதும்.