மன்னிக்கும் மனம் வேண்டும்



அடி அண்ணாமலை போன்ற நம் கிராமங்களில் ஒன்றைப் பார்க்கலாம். பாகப்பிரிவினையில் வந்த மனத்தாங்கல், ஒரு முழ வரப்புக்காக எழுந்த சண்டை, திருமண வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல். இவற்றால் பங்காளிகள் பல ஆண்டுகள் பேசாமல் இருப்பார்கள். நல்லது கெட்டதுக்கும் போக மாட்டார்கள். ஆனால் ஞாயிறு திருப்பலியில் ஒரே கோவிலில் நின்று, இயேசு கற்றுத்தந்த செபத்தைச் சேர்ந்தே சொல்வார்கள். பிறரை நாம் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் செபம் அது. நாம் மன்னிக்காமல் இருந்தால், எதைக் கேட்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

நூறு தெனாரியம்

எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டபோது, இயேசு ஓர் உவமை சொன்னார் (மத்தேயு 18:21-35). அதில் ஒரு பணியாளர் தன் உடன் பணியாளரிடம் 100 தெனாரியம் கடனுக்காகக் கழுத்தைப் பிடிக்கிறார். ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. அப்படியானால் இது மூன்று மாதத்திற்கும் மேலான உழைப்பு. சிறு தொகை அல்ல. நமக்கு நேர்ந்த காயம் ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணியாளருக்கு அரசர் தள்ளுபடி செய்த கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம் என்றால், அது 6 கோடி நாள் கூலி! இவ்வளவு பெற்றவர்தாம் நாம்.

தாயின் முத்தம்

இதை வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பம் நம் நாட்டிலேயே உண்டு. கேரளாவின் புல்லுவழியில் 1954-இல் பிறந்தவர் அருள்சகோதரி ராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்த இவர், மத்தியப்பிரதேசத்தின் உதய்நகர் பகுதியில் ஏழை மக்கள் வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுபட உழைத்தார். இது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் பேருந்தில் சென்றபோது சமுந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் பலமுறை குத்திக் கொன்றார். அப்போது சகோதரிக்கு வயது 41.

சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட அருள்பணியாளர் அவரைச் சிறையில் சந்தித்து, மனமாற்றத்திற்கு வழிகாட்டினார். 2002 ஆகஸ்டில் ராணி மரியாவின் தங்கை அருள்சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்று, அவர் கையில் ராக்கி கட்டி சகோதரராக ஏற்றார். தாய் ஏலீஸ்வா, தன் மகளின் இரத்தம் படிந்த அந்தக் கைகளை முத்தமிட்டார். குடும்பத்தினரே விடுதலைக்கு வேண்டினர். 2006-இல் சமுந்தர் சிங் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, கொன்றவரும் அங்கே இருந்தார்.

நமக்கான பாடங்கள்

கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள். மன்னிப்பு ஒரே நாளில் வந்துவிட வேண்டும் என்பதில்லை. காயத்தை உணராமலிருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை. அதைத் தூய ஆவியாரிடம் ஒப்படைப்பதே நம் பங்கு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 2843) விளக்குகிறது.

மன்னிப்பு நீதிக்கு எதிரானதும் அல்ல. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. குற்றவாளி ஏறக்குறைய 11 ஆண்டுகள் சிறையில் இருந்தார். இன்னும் அடித்துத் துன்புறுத்துகிறவரிடமிருந்து விலகிப் பாதுகாப்புத் தேடுவதும் பாவமல்ல. பழிவாங்கும் எண்ணத்தைத்தான் விட்டுவிட வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இன்று உங்கள் மனத்தில் வரும் அந்த ஒரு பெயர் யாருடையது? இந்த வாரம் அவருக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்வோம். இயலுமானால் ஒப்புரவு அருட்சாதனத்தில் அந்தக் காயத்தை ஆண்டவர் முன் வைப்போம். பிறகு வழியில் அவரைக் கண்டால், முகத்தைத் திருப்பாமல் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்போம். முதல் அடி அதுவாக இருக்கட்டும்.

சிலுவையில் தம்மை அறைந்தோருக்காக மன்றாடிய ஆண்டவர், அதற்கான மனவலிமையை நமக்குத் தருவாராக!