பொகவந்தலாவைக் கல்லறையும் ஹட்டன் மேடையும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போனால் பொகவந்தலாவை. தேயிலை மலைகளுக்கு நடுவே அங்கிருக்கும் புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமெரன் தம் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புகைப்படக் கலையின் வரலாற்றில் அவர் பெரிய பெயர். வெளிநாட்டுப் பயணிகள் தேடி வந்து பார்க்கும் கல்லறை அது. அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, அதே பாதையின் மறுமுனையான ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர் மீனாட்சியம்மாள் நடேசய்யர். அவரைத் தேடி வருவோர் மலையக இலக்கியம் படித்த சிலர்தான்.

இருவருமே எந்தப் பதவியும் வகித்ததில்லை. இருவரையும் அரசியலுக்குள் கொண்டுவந்தது கணவரின் பெயர். அந்த வாசல் வழியாக உள்ளே போனபின் யாரோடு நட்புப் பாராட்டினார்கள் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

கமெரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. தாய்வழியில் பிரெஞ்சுப் பிரபுக்குலத் தொடர்பு. ஜூலியாவுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் தங்கை வெர்ஜீனியா சோமர்ஸ் பிரபுவின் மனைவி. இன்னொரு தங்கை சாராவின் லண்டன் வீடு கவிஞர்களும் ஓவியர்களும் கூடும் சபை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பெரிய இடத்துப் பெண். 1838இல் தம்மைவிட இருபது வயது மூத்த சார்ல்ஸ் ஹே கமெரனை மணந்தார். இலங்கை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் கோல்புறூக் - கமெரன் ஆணைக்குழுவின் கமெரன் இவர்தான். அந்த ஆணைக்குழுவின் காலத்தில்தான் 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறை ஒழிந்தது. 1833இல் சட்டநிரூபண சபையும் புதிய நீதிமன்ற முறையும் வந்தன. பிறகு இந்தியச் சட்ட ஆணைக்குழுவில் மெக்காலேயோடு வேலை செய்தார். சீர்திருத்தக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் எந்த நாட்டுக்குச் சட்டம் எழுதினாரோ அந்த நாட்டின் மலைகளிலேயே பெருமளவு காணி வாங்கிக் கோப்பித் தோட்ட முதலாளியும் ஆனார். இராஜகாரியம் ஒழிந்தும் கண்டி விவசாயி கோப்பித் தோட்டத்துக் கூலி வேலைக்கு வரவில்லை. ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

ஹார்டிஞ் பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது அவர் மனைவி இந்தியாவுக்கு வரவில்லை. கல்கத்தாவில் அரசாங்க விருந்துகளின் தலைவியாக நின்றவர் ஜூலியாதான். ஒரு மகனுக்கு ஹார்டிஞ் என்று பெயர் வைத்தார். இன்னொருவனுக்கு வானியலறிஞர் ஹெர்ஷலின் பெயர். 1848இல் இங்கிலாந்துக்குப் போனபின் இந்த நட்பு வட்டம் இன்னும் விரிந்தது. கவிஞர் டென்னிசன் பக்கத்து வீடு. காலனி அலுவலகத்தில் உட்கார்ந்து தீவுகளின் தலைவிதியை எழுதிய ஹென்றி டெய்லர் குடும்ப நண்பர். நண்பர்களுக்குக் கடிதங்களையும் பரிசுகளையும் அள்ளி இறைத்தார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். வைட் தீவில் இருந்த வீட்டுக்குத் தம் இலங்கைக் காணியின் பெயரால் டிம்போலா என்று பெயரிட்டார்.

ஜூலியாவின் 48ஆவது வயதில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அதன்பின் வந்த வீட்டு விருந்தாளிகள் யாரும் தப்பவில்லை. அந்தப் படங்களில் அவருடைய அரசியல் நட்பின் இலக்கணம் தெளிவாகத் தெரிகிறது. 1865இல் ஜமைக்காவின் மொரண்ட் பேயில் கறுப்பின மக்கள் கிளர்ந்தபோது கவர்னர் ஐயர் நூற்றுக்கணக்கானோரைக் கொல்லவிட்டார். இங்கிலாந்து இரண்டாகப் பிளந்தது. கார்லைலும் டென்னிசனும் கவர்னர் பக்கம். ஜான் ஸ்டூவர்ட் மில்லும் டார்வினும் எதிர்ப்பக்கம். கமெரன் 1867இல் கார்லைலைப் படமெடுத்தார். அதே ஆண்டு ஐயரையும் எடுத்தார். மறு ஆண்டு டார்வினை எடுத்தார். மூவருக்கும் அதே இருட்டுப் பின்னணி, அதே பக்கவாட்டு ஒளி, அதே கம்பீரம். 1868இல் பிரிட்டிஷ் படை மக்தலா கோட்டையைப் பிடித்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அபிசீனியச் சிறுவன் இளவரசன் அலெமாயேகுவும் அவர் கேமரா முன் உட்கார்ந்தான். வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்று அந்தக் கேமரா கேட்கவில்லை. பெருமைக்குரிய முகமா என்பதோடு அதன் விசாரணை முடிந்தது. இதைப் பரந்த மனம் என்று புகழ்வாரும் உண்டு. எனக்கு அது அதிகாரத்தின் அருகே வாழ்ந்து பழகியதால் வந்த கூச்சமின்மையாகவே படுகிறது.

1875 அக்டோபரில் கமெரன் குடும்பம் இலங்கைக்குக் கப்பலேறியது. கையில் பணம் குறைந்திருந்தது. பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். போகிற இடத்தில் கிடைக்காமல் போகலாமென்று இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களுக்குக் கொடுக்கக் காசில்லாமல், அம்மையார் தம் புகைப்படங்களையே கூலியாக நீட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதையே ஆனாலும் ஆளைக் கச்சிதமாகப் பிடித்துவிடுகிறது.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறையில் மகன் வீட்டில் இருந்தபோது, 1877இல் ஓவியர் மேரியன் நோர்த் விருந்தாளியாக வந்தார். நோர்த் தம் நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி சொல்கிறார்: படத்துக்கு நிற்பவர்களில் ஒருவனின் முதுகு மிக அழகாக இருந்ததாம். அந்த முதுகுக்காகவே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி அம்மையார் மகனைக் கட்டாயப்படுத்தினார். வீட்டில் தோட்டமே இல்லை. நோர்த் இதை வேடிக்கையாக எழுதினார். அந்த ஆண்டுகள் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் நடந்த ஆண்டுகள். எலும்பும் தோலுமாக ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து கோப்பி மலைகளுக்கு நடந்துவந்த காலம். கல்கத்தாவில் இருந்தபோது அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பெருந்தொகை திரட்டிக் கொடுத்தவர் இதே ஜூலியா. இரக்கம் இல்லாதவர் என்று சொல்லவே முடியாது. ஆனால் அவருடைய இலங்கைப் படங்களில் இருப்பவர்கள் குடியானவர் என்றும் குழு என்றும்தான் குறிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் அவர் மாதாவாக வேடமிட்டு நிறுத்திய பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயராவது வரலாற்றில் நிற்கிறது. இங்கே அதுவும் இல்லை.

1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் இறந்தார். இலைத்துரு நோய் அதற்குள் கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்து வந்தது தேயிலை.

மீனாட்சியம்மாள் வந்து சேர்ந்தது அந்தத் தேயிலை மலைக்கு. கணவர் கோ. நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர், புடவை வியாபாரிபோல வேடமிட்டு, துரைமார் கண்ணில் மண்ணைத் தூவித் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தவர். வெளியாள் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடப்பட்ட காலம் அது. கொழும்பில் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்கம் நடத்தினார். குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதும் பிரிந்தார். 1931இல் ஹட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார்.

இதில் மீனாட்சியம்மாள் விருந்துக்குத் தலைமை தாங்கும் மனைவியாக இருக்கவில்லை. கணவர் சபையிலும் மலையிலுமாக அலைந்தபோது அவருடைய தேசபக்தன் பத்திரிகையின் பொறுப்பைச் சுமந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று எழுதினார். அப்போது கொழும்பில் அதே கோரிக்கையை எழுப்பியவர்கள் உயர்குடிப் பெண்கள். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அரசியலமைப்பு ஆணைக்குழுவின் தலைவர் டொனமூர் பிரபு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னவர் அவர்களில் ஒருவரான அக்னஸ் டி சில்வா. நல்ல பதில். ஆனால் அந்தத் தோட்டப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசியது மீனாட்சியம்மாள். 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் மலைநாட்டு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்துக் கூடை பெரும்பாலும் பெண்ணின் முதுகில்தான் இருந்தது.

எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களிடம் பத்திரிகை எவ்வளவு தூரம் போகும்? அதனால் பாட்டு. கூட்டம் தொடங்குமுன் பாரதியைப் பாடுவார். தாமே கட்டிய பாட்டுகளையும் பழகிய மெட்டில் பாடுவார். அவை சிறு பிரசுரங்களாக அச்சாகித் தோட்டங்களுக்குள் போயின. 1940இல் வெளியான 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' அப்படிப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் இந்தியத் தினக்கூலிகள் அரசாங்க வேலைகளிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பாட்டுகள் அவை. மலையக எழுத்தாளர் சாரல்நாடன் போன்றவர்கள் தேடி எழுதியிராவிட்டால் இந்த அளவும் நமக்குத் தெரிந்திராது.

மீனாட்சியம்மாளை முழுக்கத் தூக்கி வைப்பதும் சரியில்லை. அவர் கொழுந்து பறித்தவர் அல்ல. கணவர் படித்த பிராமணர். மேடையில் நின்றவருக்கும் கீழே நின்றவருக்கும் இடைவெளி இருக்கத்தான் செய்தது. 1939இல் நேரு வந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானதும் நடேசய்யரின் சங்கம் பின்தள்ளப்பட்டது. நடேசய்யர் 1947இல் காலமானார். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாக்கையும் இழந்தார்கள்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், திறமையில் கமெரனுக்கு நிகர் சொல்வது கடினம். 1865இலேயே லண்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. ஆனால் அவருடைய நட்பு மேலே நோக்கியே வளர்ந்தது. தம் நண்பர்களின் ஆணைகளும் அறிக்கைகளும் யார் தலையில் விழுந்தனவோ அவர்களிடம் வந்தபோது, அது அழகிய முதுகோடு நின்றுவிட்டது. மீனாட்சியம்மாளின் பாட்டு கலைநயத்தில் குறைவாக இருக்கலாம். கேட்டவர்களுக்கு அது தங்கள் வழக்கு. மலையகத்தின் அரசியல் நினைவில் முதலிடம் அவருக்குத்தான்.

பொகவந்தலாவைக் கல்லறைக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறது. மீனாட்சியம்மாளின் பாடல்களை மெட்டோடு பதிவு செய்து மலையகப் பாடசாலைகளில் பிள்ளைகளைப் பாடவைக்கும் வேலையை ஆசிரியர்களும் சங்கங்களும் இனியாவது கையிலெடுக்க வேண்டும்.